லைப்ரரி பட்டிமன்றமும் பொறக்காத கேம்களும்

நம்ம பதிவர் வட்டத்துல பொட்டி தட்டுற மக்கள் ஜாஸ்தி. அதுல பாதிப் பேருக்கு நாமளும் ஒரு கேம் எழுதணும்ங்கிற ஆசை மனசு ஓரத்துல கிடக்கு. நல்ல ஆசைதான். ஆனா ரெண்டு பேர் சேர்ந்தா கதையப் பத்தியா பேசுறாங்க? ம்ஹூம். பைகேமா, பைக்லெட்டா, ஆர்கேடா, இல்ல லுவா பக்கம் ஒதுங்கி லவ் ஃபிரேம்வொர்க்கா? மூணு மாசம் கழிச்சுப் போனாலும் அதே பட்டிமன்றம். தீர்ப்பும் வராது, கேமும் வராது.

ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து, புள்ளைங்க தூங்கின பிறகு கிடைக்கிறது ராத்திரிக்கு ஒண்ணரை மணி நேரம். அதையும் ஒப்பீட்டு அட்டவணை படிச்சே தீர்த்தா அப்புறம் என்னத்த எழுதுறது?

முதல் பூச்சாண்டி, "பைதான் ஸ்லோ சார்". சரி, கணக்குப் போடுவோம். விநாடிக்கு 60 ஃபிரேம்னா ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். பைகேம்ல படத்தைத் திரையில ஒட்டுற வேலைய பைதான் செய்யறதில்ல, சி மொழியில எழுதின கோடுதான் அடியில இருந்து செய்யுது. நம்ம கோடு "இதை இங்க ஒட்டு"ன்னு சொல்றதோட சரி. ஆமை வேகத்துல ஓடுதுன்னு புலம்புறவரோட கோடைத் திறந்து பாருங்க. லூப்புக்குள்ள ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டிஸ்க்ல இருந்து படத்தை லோடு பண்ணிட்டு இருப்பார். இல்லேன்னா கன்வெர்ட் கூப்பிடாம விட்டிருப்பார். படத்தோட பிக்சல் அமைப்பும் திரையோட அமைப்பும் வேற வேறயா இருந்தா, ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் மாத்திக்கிட்டே இருக்கணும். லோடு பண்ணின கையோட ஒரு வரி எழுதினா தீர்ந்தது. அதுக்காக லைப்ரரிய மாத்துறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற வேலை.

நியாயத்தையும் சொல்லிடணும். 640-க்கு 480 திரையில 3,07,200 பிக்சல். அத்தனையையும் பைதான் ஃபார் லூப்ல தொட்டா மூச்சு வாங்கும், சந்தேகமே இல்ல. அந்த மாதிரி ஆட்டம்னா நம்பை பக்கம் போங்க, இல்ல ஓபன்ஜிஎல்ல நேரா பயன்படுத்துற பைக்லெட் பக்கம் போங்க. ஆனா உங்க கேம் பெட்டி தள்ளுற புதிர் கேம். அதுக்கு எதுக்குங்க இந்த பயம்?

கிடார் வாசிக்கிற மாதிரி கீபோர்டைத் தூக்கிப் புடிச்சு ஆடுற ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர் 2006-ல வந்தது. பைதான், பைகேம். 2017-ல வந்த டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப் ரென்பையில செஞ்சது, அதுவும் பைதான்தான். 2024-ல சக்கைப்போடு போட்ட பலாட்ரோ, லுவாவும் லவ்வும். இதையெல்லாம் ஆடினவங்கள்ல எத்தனை பேர் உள்ள என்ன லைப்ரரி இருக்குன்னு கேட்டிருப்பாங்க?

கேக்க வேண்டிய கேள்விய யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. என் கேமை என் மச்சான் கம்ப்யூட்டர்ல எப்படி ஓட்டுறது? அவர்கிட்ட பைதான் கிடையாது, போடவும் மாட்டார். பைஇன்ஸ்டாலர்ல கட்டி அனுப்பினா சில சமயம் ஆன்டிவைரஸ் அதைத் திருடன் மாதிரி பாக்கும். பிரவுசர்லயே ஓட்ட பைக்பேக் இருக்கு, ஆனா மெயின் லூப்பை அசிங்க் முறைக்கு மாத்தி எழுதணும். கடைசி நாள்ல தெரிஞ்சா அழுகைதான். இந்த ஒரு விஷயத்துல லவ் ஜெயிக்குது. ஃபைல்களை ஜிப் பண்ணி, லவ்வோட எக்ஸிஇ ஃபைலோட ஒட்டி, கூட வர்ற டிஎல்எல் ஃபைல்களையும் சேர்த்து அனுப்பினா வேலை முடிஞ்சது. பைதான் கட்சிக்காரன் நானே சொல்றேன், நம்புங்க.

அடுத்தது தமிழ். தமிழ்ல வார்த்தை விளையாட்டு எழுதப் போறேன்னு கிளம்புற நண்பர்களே, ஒரு வரி கோடு எழுதறதுக்கு முன்னாடி "கெண்டை"ன்னு திரையில எழுதிப் பாருங்க. எழுத்துகளைச் சேர்த்து அடுக்குற ஹார்ஃப்பஸ் உள்ள இல்லேன்னா, கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். பைகேம் எழுத்து வரையறதுக்கு நம்பியிருக்கிற எஸ்டிஎல் டிடிஎஃப்ல அதைச் சேர்த்துக் கட்டியிருந்தாத்தான் சரியா வரும். 2023-ல வந்த கோடாட் 4-ல அது உள்ளயே இருக்கு. தமிழ் கேமுக்கு லைப்ரரி தேர்வுன்னா இதுதான் முதல் பரீட்சை. எந்த ஒப்பீட்டு அட்டவணையிலயும் இதுக்கு ஒரு கட்டம் நான் பாத்ததில்ல.

"அட, பெரிய என்ஜினா எடுத்துக்கலாமே"ங்கிற அண்ணாச்சிகளுக்கு: 2023 செப்டம்பர்ல யூனிட்டி, இன்ஸ்டாலுக்கு இவ்வளவுன்னு கட்டணம் அறிவிச்சுது. ஊரே கொந்தளிச்சு, ஒரு வருஷம் கழிச்சு 2024 செப்டம்பர்ல அதைக் கைவிட்டாங்க. திறந்த மூலத்துலயும் சண்டை உண்டு. 2000-ல ஆரம்பிச்ச பைகேம்ல இருந்து 2023-ல பைகேம்-சிஇன்னு ஒரு கிளை பிரிஞ்சுது. ஆனா அதனால நமக்கு என்ன நஷ்டம்? பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டா, இம்போர்ட் வரி கூட மாறல. வித்தியாசம் அங்கதான்.

"முதல்ல சொந்தமா என்ஜின் எழுதிக்கறேன்"னு உக்காருறவங்களைப் பத்தி என்ன சொல்ல. அது வேற பொழுதுபோக்கு. தப்பில்ல, கேம்னு மட்டும் சொல்லாதீங்க.

2005-ல இருந்து பைவீக்னு ஒரு போட்டி நடந்திருக்கு. ஒரே வாரம், பைதான்ல ஒரு முழு கேம். அந்தக் கணக்கையே வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஏதாவது ஒரு லைப்ரரி, திங்கக்கிழமை ஒரு சதுரம் நகரணும், புதன்கிழமை மச்சான் கம்ப்யூட்டர்ல ஓடணும். புதன்கிழமை ஓடலேன்னா லைப்ரரிய மாத்துங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

டிஸ்கி: ஜாவாஸ்கிரிப்ட் பத்தி ஏன் மூச்சு விடலன்னு கேக்கப் போறவங்களுக்கு, அது தனிப் பதிவு. ஃபேசரை வச்சு ஒரு வாரம் உக்காந்துட்டு வர்றேன்.