நிவாரணப் பணியில் நமக்கும் இடம் உண்டு

உலகின் ஏதோ ஒரு மூலையில் பூகம்பம், வெள்ளம், பஞ்சம், யுத்தம் என்று மக்கள் தவிக்கும்போது, ஐ.நா. கொடியுடனும் செஞ்சிலுவைச் சின்னத்துடனும் அங்கே போய் நிற்கும் ஊழியர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அவர்கள் எல்லோரும் டாக்டர்கள், வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள், நமக்கும் அந்த உத்தியோகத்துக்கும் வெகுதூரம் என்பது மும்பைத் தமிழர்களில் பலருடைய எண்ணம். மகனோ மகளோ அந்தப் பணிக்குப் போக விரும்புவதாகச் சொன்னால், "முதலில் நிரந்தரமாக ஒரு வேலையைத் தேடு" என்று வீட்டில் வாயை அடைத்து விடுகிறார்கள். நிரந்தர வேலையைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் "அது நமக்கு எட்டாதது" என்ற எண்ணம் சரியல்ல.

நிவாரணப் பணி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். 2016 ஏப்ரலில் நமது மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நகரம் குடிநீர் இல்லாமல் தவித்தது. மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. முதல் வண்டியில் 10 டாங்க் வேகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வேகன்கள் கொண்ட வண்டிகள் ஓடின. 2021 ஏப்ரல் 19-ந் தேதி, கொரோனா நோயாளிகள் மூச்சுக்குத் திணறிக் கொண்டிருந்த வேளையில், கலம்போலியிலிருந்து காலி டாங்கர் லாரிகளை ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு முதல் ஆக்சிஜன் ரயில் புறப்பட்டது. லாரியின் உயரம் மின்கம்பியிலும் பாலத்திலும் இடிக்குமா என்று முன்கூட்டியே அளந்து பார்த்த பிறகே வண்டியை விட்டார்கள். வேகன் ஒதுக்கியவர், அளந்தவர், ஏற்றியவர், கணக்கெழுதியவர் ஆகிய அத்தனை பேரும் அன்று உயிர் காத்தவர்களே.

இந்த வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாடெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. வந்தவற்றில் பழைய துணிகளே மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கேட்பாரற்றுக் கிடந்தன. கொடுத்தவர்களின் மனத்தில் குறையில்லை. என்ன தேவை, எவ்வளவு தேவை, எங்கே இறக்குவது என்று கணக்குப் பார்த்து அனுப்ப ஆளில்லாததுதான் குறை.

ஆகவே இந்தத் துறையில் டாக்டருக்கும் நர்சுக்கும் உள்ள மதிப்பு ஸ்டோர் கீப்பருக்கும், கணக்கருக்கும், எலெக்ட்ரீஷியனுக்கும், பம்ப் மெக்கானிக்குக்கும், லாரிப் போக்குவரத்தைக் கவனிப்பவருக்கும் உண்டு. நிவாரண முகாம்களுக்கென்று சர்வதேச அளவில் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவுகள் சில இருக்கின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம், ஒருவருக்கு மூன்றரை சதுர மீட்டர் தங்குமிடம் என்பவை அவற்றுள் சில. 5,000 பேர் தங்கும் முகாமுக்கு இதைக் கணக்கிட்டால் தினம் 75,000 லிட்டர் தண்ணீர், 250 கழிப்பிடங்கள் என்று வருகிறது. பத்தாயிரம் லிட்டர் லாரி என்றால் நாளுக்கு எட்டு நடை. ஒரு நடை தவறினாலும் யாரோ சிலருக்குத் தண்ணீர் இல்லை. இந்தக் கணக்கை நாள்தோறும் தவறாமல் போடுகிறவர் முகாமுக்கு மிக அவசியமானவர். சரக்கு ஆபீசிலும் பண்டகசாலையிலும் பத்தாண்டு பழகியவருக்கு இது புரியாத வித்தை அல்ல.

இனி, நுழையும் வழிகளைப் பார்ப்போம். ஐ.நா. ஸ்தாபனங்களில் பதவிகள் பல வகை. ஒன்று, உலகெங்கிலுமிருந்து ஆள் எடுக்கும் உயர் பதவி. இதற்குப் பட்டமும், பெரும்பாலும் பல ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். மற்றொன்று பொதுப்பணிப் பிரிவு. அலுவலகம் இருக்கும் ஊரிலேயே இதற்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்து, வேலைக்குத் தக்க அனுபவம் இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். கணக்கு, கொள்முதல், அலுவலக நிர்வாகம், வாகனம் ஓட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். டெல்லியில் பல ஐ.நா. அலுவலகங்கள் உள்ளன. யூனிசெப்புக்கு மும்பையிலும் சென்னையிலும் கிளைகள் உண்டு. நம் குமாஸ்தாக்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான்.

மூன்றாவது வழி, 1970-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்படுத்திய தொண்டர் திட்டம். ஜெர்மனியின் பான் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் பதிவு செய்து கொள்ளலாம். சொந்த நாட்டிலேயே பணி செய்யும் தொண்டர்களும் உண்டு, வெளிநாடு செல்பவர்களும் உண்டு. இது சம்பள உத்தியோகம் அல்ல. வாழ்க்கைச் செலவுக்குப் படி தருகிறார்கள், அவ்வளவே. ஆனால் இந்த அனுபவம் பின்னால் கைகொடுக்கும். ஐ.நா.வுக்கு வெளியே, 1971-ல் பிரான்சில் தோன்றிய "எல்லைகளற்ற மருத்துவர்கள்" ஸ்தாபனமும் பெயரில்தான் மருத்துவர்களுடையது. தளவாடம், கணக்கு ஆகியவற்றைக் கவனிப்பவர்களையும் அது வேலைக்கு எடுக்கிறது.

வெளிநாட்டுக்குப் போனால்தான் இந்தப் பணி என்பதும் இல்லை. நம் நாட்டுத் தொண்டு ஸ்தாபனங்களில் பல வெளிநாட்டு நன்கொடை பெறுகின்றன. அதற்கான 2010-ம் ஆண்டுச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபின், ஸ்டேட் பாங்கியின் புது டெல்லி பிரதான கிளைக் கணக்கின் மூலமே அந்தப் பணத்தைப் பெற வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக்கூடாது. ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கணக்கு காட்ட வேண்டும். இந்த விதிகளைக் கரைத்துக் குடித்த கணக்கர், பணத்தைச் சட்டப்படி ஏழையிடம் கொண்டு சேர்க்கும் பாலம் போன்றவர். வர்த்தகப் பட்டம் பெற்றும் வேலைக்கு அலையும் நம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தைப் படித்து வைத்துக் கொள்வது வீண் போகாது.

தகுதியை இருக்கும் இடத்திலேயே வளர்த்துக் கொள்ளலாம். செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் நிர்வாகத்தை அஞ்சல் வழியில் படிக்கலாம். தேவ்னாரில், நம் வாசகர்கள் பலர் தினமும் கடந்து போகும் வழியிலேயே, 1936-ல் தொடங்கிய டாடா சமூக விஞ்ஞான நிலையம் இருக்கிறது. 2020-ல் தாராவியில் கொரோனா பரவியபோது, தெருத்தெருவாக உணவும் மருந்தும் கொண்டுபோன உள்ளூர் வாலிபர்கள் செய்ததும் இதே பணிதான். தாராவி நோயைக் கட்டுப்படுத்திய விதத்தை உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் அந்த ஆண்டு ஜூலையில் எடுத்துக் காட்டினார். அப்படி உழைத்தவர்கள் எத்தனை நாள், எந்தப் பகுதியில், என்ன செய்தார்கள் என்று தங்கள் மனுவில் எழுதிக் கொள்ளக் கூச்சப்படத் தேவையில்லை. அது அனுபவம்.

மொழியும் நமக்குள்ள மூலதனம். மும்பைத் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கிறது. அதனுடன் பிரெஞ்சோ அரபியோ சேர்ந்தால் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வேலைக்கு வழி திறக்கும்.

ஆசை காட்டியதோடு நிறுத்துவது முறையல்ல. எச்சரிக்க வேண்டியவையும் உண்டு.

முதலாவது, ஐ.நா. ஸ்தாபனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. கேட்பவன் மோசக்காரன். வளைகுடா வேலை என்று ஏஜெண்டிடம் பணத்தைக் கொட்டி ஏமாந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இந்தப் பெயரிலும் அது நடக்க இடம் தரக்கூடாது.

இரண்டாவது, இது நெருக்கடியான காலம். 1961-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு ஸ்தாபனம் 2025 ஜூலை 1-ந் தேதியுடன் வெளிநாட்டு உதவி வேலையை நிறுத்தியது. எஞ்சியவை அந்நாட்டு வெளியுறவு இலாகாவுக்குப் போயின. ஐ.நா. அகதிகள் ஸ்தாபனம் அதே ஆண்டில் ஏறத்தாழ 3,500 பதவிகளைக் குறைப்பதாக அறிவித்தது. அனுபவசாலிகளே வேலை தேடும் நேரத்தில், கையிலுள்ள வேலையை ராஜிநாமா செய்துவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. அரசு, ரயில்வே ஊழியர்கள் வெளி வேலைக்கு மனுப் போடும் முன் தங்கள் இலாகாவின் அனுமதியைப் பெறுவதும் அவசியம்.

மூன்றாவது, உயிருக்கு ஆபத்து உண்டு. 2003 ஆகஸ்ட் 19-ந் தேதி பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தில் வெடித்த குண்டுக்கு 22 பேர் பலியானார்கள். அந்த நாளே உலக மனிதாபிமான தினமாக அனுசரிக்கப்படுகிறது. 2024-ல் உலகெங்கும் 383 நிவாரண ஊழியர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டைச் சேர்ந்த ஊழியர்களே. போகிறவரும் அனுப்புகிறவரும் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்த பிறகும் மனம் இந்தப் பக்கமே சாய்கிற பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களைத் தடுக்காமல் வழிகாட்டுவது பெரியவர்களின் கடமை. நம் தமிழ்ச் சங்கங்கள் விழாவுக்குப் பந்தல் போடும் சிரத்தையில் ஒரு பங்கை இதற்கும் செலவிடலாம். ஞாயிறுதோறும் ஒரு முதலுதவி வகுப்பு, விண்ணப்பம் எழுதச் சொல்லித்தரும் ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, வேலை விளம்பரங்களை ஒட்டி வைக்க ஒரு பலகை போதும். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. அடுத்த மழைக்காலத்தில் நம் பேட்டையிலேயே தண்ணீர் புகுந்தாலும், அந்த வகுப்பில் படித்தவர்கள் முதலில் பயன்படப் போவது நமக்குத்தான்.