நாற்காலி கொடுத்துவிட்டு கேக் வெட்டுங்கள்!

உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? மதியம் மூணரை மணிக்கு அரை கிலோ பிளாக் ஃபாரஸ்ட் வரும். முப்பது பேர் சுற்றி நின்று இங்கிலீஷ் பாட்டுப் பாடுவார்கள். மூஞ்சியில் க்ரீம் பூசுவார்கள். ஒரு போட்டோ. அது வாட்ஸ்அப் குரூப்பில் ஏறும். மேனேஜர் அதற்கு ஒரு கட்டைவிரலைக் காட்டுவார். மூணே முக்காலுக்கு எல்லோரும் அவரவர் சீட்டில் இருக்க வேண்டும். பிறந்தநாள் கொண்டாடியவர் அன்றைக்கும் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்!

இதற்கு 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்' என்று பெயர். சென்னை ஓ.எம்.ஆரில் கொழித்த இந்தக் கலாசாரம் இப்போது பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி மாதிரி மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்து இறங்கிவிட்டது. 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் போட்டோ, ஆண்டுவிழாவில் பாட்டுப் போட்டி, ஊழியர் தினத்துக்கு ஒரே கலரில் டி-ஷர்ட்... சிரித்துக்கொண்டே வேலை பார்த்தால் வேலை நன்றாக நடக்கும் என்கிறார்கள்.

வாஸ்தவம்தான். நான் சிரிப்புக்கு எதிரி இல்லை. பாராட்டுக்கும் எதிரி இல்லை. ஆனால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே கொடுக்கப்படும் கேக்குக்கு நான் எதிரி.

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் வரும் பெண், ராத்திரி ஒன்பதரை வரை நிற்கிறாள். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. அதே கடை ஆண்டுவிழாவில் என்ன விளையாட்டு தெரியுமா? மியூஸிக்கல் சேர்! வருஷம் பூராவும் நாற்காலியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் மட்டும் அதைச் சுற்றி ஓட விட்டால், எல்லோரும் முட்டி மோதி உட்காரத்தானே செய்வார்கள்? அதைப் பார்த்து முதலாளி, "நம்ம பொண்ணுங்க எவ்ளோ என்ஜாய் பண்றாங்க பாரு" என்பார்.

ஜவுளிக்கடை ஊழியர்களின் இந்தக் கால்வலியை வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வில் காட்டியது 2010-ல். வேலை நேரத்தில் உட்கார ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் திருத்தியது 2021-ல். கேரளா நமக்கு முன்பே, 2018-ல் செய்துவிட்டது. ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு நம்முடையது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, புடவையைப் பார்ப்பதற்கு முன்னால் கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால், அந்தக் கடை தன் ஊழியர்களை மதிக்கிறது. சுவரில் எத்தனை போட்டோ மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

தனியார் முதலாளிகளை மட்டும் திட்டுவது சுலபம். இந்த விளையாட்டில் அரசாங்கம்தான் பெரிய கை.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. சாலை போய்ச் சேராத கிராமங்களிலிருந்து கர்ப்பிணிகளை டோலி கட்டித் தூக்கி வந்த கதைகள் அந்த மலையில் நிறைய உண்டு. இப்படிப்பட்ட மலைப்பகுதிகளில் வீடு வீடாக நடந்து, யார் மாசமாக இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்று கவனிப்பவர்கள் ஆஷா பணியாளர்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. தலைவர்கள் வாழ்த்தினார்கள். நல்ல விஷயம். ஆனால், அந்த விருதைப் பெற்ற பெண் அரசாங்கக் கணக்கில் ஊழியரே அல்ல, தன்னார்வலர்! அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. உலகமே எழுந்து நின்று கை தட்டிய ஒருவரை, வேலை கொடுத்தவர் மட்டும் 'ஊழியர்' என்று கூப்பிட மறுக்கிறார்.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2022 ஏப்ரலில், சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்ற தீர்ப்பு. அதற்கு யாரும் மேடை போடவில்லை, மாலை போடவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள்... இந்த இரண்டில் எது மரியாதை?

கைதட்டல் என்றதும் 2020 ஞாபகம் வருகிறது. மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடே தட்டையும் கையையும் தட்டியது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறியது. பெயர் மாற்றம் நல்லதுதான். அதோடு நின்றுவிட்டதே என்பதுதான் வருத்தம். 2025 ஆகஸ்ட்டில், தங்கள் வேலையைத் தனியாருக்குத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டு, சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்தார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்காக ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. சாப்பாடு போடுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது வேலை. கிடைத்தது இட்லி.

இந்த மாதிரி நேரத்தில் மேனேஜ்மென்ட் படித்தவர்கள் ஒரு பெயரை எடுத்து விடுவார்கள்: ஹெர்ஸ்பெர்க். அமெரிக்க உளவியலாளர். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினீயர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து, 1959-ல் புத்தகம் போட்டவர். "சம்பளம் மட்டும் ஆளை உற்சாகப்படுத்தாது; அங்கீகாரமும் சாதித்த திருப்தியும்தான் உற்சாகப்படுத்தும்" என்று அவரே சொல்லிவிட்டார் பார்த்தீர்களா என்பார்கள்.

பார்த்தேன். அவர் சொன்ன மறுபாதியையும் பார்த்தேன். சம்பளம், வேலைச் சூழல், மேலதிகாரி நடத்தும் விதம் - இவை மோசமாக இருந்தால் மனிதன் வெறுத்துப்போவான் என்பதும் அதே ஹெர்ஸ்பெர்க்தான். முதலில் வெறுப்புக்குக் காரணமானதைச் சரிசெய், அப்புறம் உற்சாகத்தைப் பற்றிப் பேசு என்பதே அதன் சாரம். நம் ஆட்கள் பாதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்தப் பாதி செலவில்லாததோ, அந்தப் பாதி!

உழைப்பை உழைப்பு என்றே ஒப்புக்கொள்ளாத வழக்கத்தைக் கல்வராயன் மலை நன்றாகவே அறியும். தலைமுறை தலைமுறையாக அந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலை மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976-ல்தான் ஜாகிர் ஒழிந்து மலை அரசாங்கத்திடம் வந்தது. நாடு முழுக்கக் கொத்தடிமை முறையை ஒழித்த சட்டமும் அதே வருஷம்தான் வந்தது. அதாவது, தான் செய்யும் வேலைக்குக் கூலி உண்டு என்ற சாதாரண விஷயம் அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஐம்பது வயசுச் செய்தி.

மலையை விட்டுக் கீழே இறங்கினால், 2024 ஜூனில் கருணாபுரம். விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். மூட்டை தூக்கியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள். அவர்கள் பெயர்களை நாம் முதல்முறையாகப் பார்த்தது இறந்தவர்கள் பட்டியலில். உயிரோடு இருந்தபோது எந்த நோட்டீஸ் போர்டிலும் அவர்கள் பெயர் ஏறியதில்லை. நாள் முழுக்க உடம்பு நோக உழைத்தவனிடம், "இன்னைக்கு நல்லா செஞ்சப்பா, இந்தா உன் கூலி, போய் ரெஸ்ட் எடு" என்று முழுக்கூலியோடு சொன்னவர்கள் எத்தனை பேர்? சாராயத்துக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. இதுவும் ஒரு கேள்வி என்கிறேன்.

"சார், நான் சின்ன அரிசி மில் வச்சிருக்கேன். நீங்க பேசுற அளவுக்கு எனக்கு வசதி இல்லை. என்னால முடிஞ்சது ஆயுத பூஜைக்குப் பொரி கடலையும் ஒரு வேட்டி சட்டையும்தான்" என்று சிலர் சொல்லலாம். அண்ணே, உங்களைக் கும்பிடுகிறேன். கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டு நீங்கள் தரும் ஒரு பொட்டலம் பொரி, ஐந்து நட்சத்திர ஹோட்டல் பார்ட்டியை விட உசத்தி. அன்றைக்கு மிஷினுக்கும் பொட்டு, ஆளுக்கும் பொட்டு. முதலாளியும் லோடுமேனும் ஒரே தட்டில் சுண்டல் எடுக்கிறார்கள். எந்த ஹெச்.ஆரும் சொல்லித் தராத கொண்டாட்டம் அது.

ஆக, சிரிக்கச் சிரிக்க வேலை பார்க்க வைக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுபவர்களுக்குச் செலவு அதிகமில்லாத சில யோசனைகள்:

1. மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், முதலாளி கவுண்ட்டரில் நிற்கட்டும். ஊழியர் கல்லாவில் உட்காரட்டும். எல்லோருக்கும் சிரிப்பு வரும். முதலாளிக்குக் கால்வலியும் வரும். அது நல்லது.

2. சிறந்த ஊழியரை முதலாளியின் மைத்துனர் தேர்ந்தெடுக்கக் கூடாது. கூட வேலை பார்ப்பவர்கள் சீட்டு எழுதிப் போடட்டும். 'கடின உழைப்பாளி' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

3. பிறந்தநாளுக்கு கேக் வேண்டாம், லீவு கொடுங்கள். தமிழ்நாடு போலீஸிலேயே 2021-ல் காவலர்களுக்குப் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் விடுமுறை என்று டி.ஜி.பி. உத்தரவு போட்டார். போலீஸ் ஸ்டேஷனில் முடியும் என்றால் செல்போன் கடையில் முடியாதா?

4. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தாச்சு. செதுக்கியவர் பெயரையும் சிற்பத்தின் அடியில் எழுதி விற்கலாமே! தையல், பேக்கரி, அச்சகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

5. 'ஏய் தம்பி', 'இந்தாம்மா' வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திட்டுவதைத் தனியாகத் திட்டுங்கள். பாராட்டுவதை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள். பாதிக் கடைகளில் இது உல்டாவாக நடக்கிறது.

கடைசியாக மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கொடியேற்றியதும் நல்ல பணிக்காக அரசு ஊழியர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். கொடுங்கள். அந்த வரிசையில் மலையேறி நடக்கும் ஆஷாவும், கிராமத்துத் தூய்மைக் காவலரும் முதலில் நிற்கட்டும். சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்:

"போன மாசப் பணம் வந்துடுச்சாம்மா?"