வரையாத கோட்டுக்கு வெளியே

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகே, பெரும்பாக்கத்தில் எழும்பவிருந்த அடுக்குமாடித் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது சரிதான் என்று அரசுத் தரப்பினர் இன்னமும் வாதாடுகிறார்கள். அது பட்டா நிலம், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, பள்ளிக்கரணையின் ராம்சார் எல்லை தரையில் இன்னும் அளந்து முடிக்கப்படவில்லை, ஆகவே விதிமீறல் எதுவும் இல்லை என்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்த பிறகாவது இந்த வாதத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். சொல்லப்படும் மூன்று காரணங்களில் முதல் இரண்டை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதை எங்களால் ஏற்கவே முடியவில்லை.

பள்ளிக்கரணை 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அன்று ஊரறியச் சொல்லப்பட்ட பரப்பு 1,247.54 ஹெக்டேர். எல்லை குறித்த வரைபடம் இல்லாமல் எந்த நிலத்தையும் அந்தப் பட்டியலுக்கு முன்மொழிய முடியாது. தசமப் புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கம் கணக்கிட்டுச் சொன்னவர்களுக்கு, அந்தப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூன்று ஆண்டுகள் கழித்தும் எப்படித் தெரியாமல் போகும்? இதில் காப்புக்காடு ஏறத்தாழ 698 ஹெக்டேர். மிச்சமுள்ள 550 ஹெக்டேர் எந்தெந்தச் சர்வே எண்களில் விழுகிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும்பவிருந்த இடம் அந்த 550-க்குள் வருகிறதா இல்லையா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. விடை தெரியாதவர்கள் கோப்பை ஓரமாக வைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காத மனையில் ஒருவர் கடக்கால் தோண்டினால் ஊர்ப் பெரியவர்கள் விடுவார்களா? வில்லங்கம் தீராத நிலத்தை நம்பி ஒரு கூட்டுறவு வங்கிகூடக் கடன் தராது. குடும்பச் சொத்துக்கு நாம் காட்டும் இந்தக் குறைந்தபட்ச எச்சரிக்கையைச் சென்னையின் கடைசிப் பெரிய சதுப்பு நிலத்துக்குக் காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. எல்லையை அளக்க வேண்டியவர்கள் அவர்கள். அளக்காமல் விட்டவர்களும் அவர்கள். அளக்கவில்லை என்பதையே காரணமாகச் சொல்லி அனுமதி கொடுத்தவர்களும் அவர்கள்தான். தன் கடமையைச் செய்யாதவர் அந்தக் குறையையே தனக்குச் சாதகமாகக் காட்டுவதை எந்த நியாயமும் ஒப்புக்கொள்ளாது.

அவகாசம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. ஈரநிலங்களைத் தரையில் சரிபார்த்து எல்லை குறிக்கும் வேலையை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. ராம்சார் நிலத்தில் நிரந்தரக் கட்டுமானம் கூடாது, வெள்ளம் எட்டும் மட்டத்திலிருந்து 50 மீட்டர் வரையிலும் கூடாது என்று 2017-ன் ஈரநில விதிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கின்றன. இவ்வளவும் கண்ணெதிரே இருக்கும்போதுதான் 2025-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் திட்ட அனுமதியும் அடுத்தடுத்து வந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சதுப்பு நிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் அரை கிரவுண்டு வாங்கி, தலைக்கு மேல் ஒரு கூரை போடக் காத்திருந்தவர்களின் விண்ணப்பங்கள் அன்றோடு நின்றன. அவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் எல்லையை நேரத்தோடு அளந்து முடித்திருந்தால் இந்தக் குடும்பங்கள் அல்லாட வேண்டியிருந்திருக்காது. சின்ன மனைக்காரரைத் தடுத்து நிறுத்திய அதே தெளிவின்மை பெரிய கோபுரங்களுக்கு மட்டும் வழிவிட்டது.

இந்த இடத்தை ஊரார் கழுவெளி என்றே சொல்லிவந்தார்கள். தாம்பரம் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அந்தத் தண்ணீரின் ஆழம்தான் இங்கே பறவைகளின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும், அதன் கழுத்து எட்டும் ஆழத்தில்தான் அதற்கு இரை. நெடுங்கால் உள்ளானுக்குச் சாண் அளவு நீர் போதும். பூநாரை சேற்றையே அலசிச் சலித்துத் தின்கிறது. நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைமேல் முட்டையிடுகிறது. வலசை வரும் நீலச்சிறகிகள் இமயத்துக்கு வடக்கே இருந்து இந்த ஆழமற்ற நீரை நம்பித்தான் வந்து இறங்குகின்றன. சதுப்பின் நடுப்பகுதியை வேலி போட்டுக் காத்துவிட்டு ஓரங்களில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டினால் முதலில் போவது இந்தச் சாண் ஆழ நீர்தான். நடுவில் ஆழமான குட்டையும் ஆகாயத் தாமரையும் மிஞ்சும், உள்ளான் நிற்க இடம் இருக்காது. கோடு போடாமல் விட்டிருப்பது அந்த ஓரங்களைத்தான் என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

இது ஒரு முறை நேர்ந்த பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 5,000 ஹெக்டேராக இருந்த சதுப்பு, கண் முன்னாலேயே கையகலமானது. பெருங்குடியில் ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து சதுப்பிலேயே கொட்ட அனுமதித்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பை மேடு பற்றியெரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது, சுற்றியிருந்த வீடுகளில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுத் திணறினார்கள். ரயில் பாதையைச் சதுப்பின் மேல் கொண்டுபோனார்கள். துரைப்பாக்கம் சாலையைக் குறுக்கே போட்டு அதை இரண்டாக வெட்டினார்கள். கடலையும் காற்றையும் ஆராயும் அரசு நிறுவனங்களுக்குக்கூட வேறு இடம் கிடைக்கவில்லை. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், அதுவும் தானாக வந்ததல்ல.

எங்களால் மன்னிக்க முடியாதது இன்னொன்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்று சொல்லி அடையாற்றங்கரைக் குடும்பங்களை வாரிக்கொண்டுபோய் எங்கே குடியமர்த்தினார்கள்? இதே பெரும்பாக்கத்தில், சதுப்பின் வெள்ளம் வடியும் தாழ்நிலத்தில். ஆற்று வெள்ளத்திலிருந்து தப்பியவர்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சதுப்பு வெள்ளத்தில் நின்றார்கள். அதே நாட்களில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடத்துக்காக ஐம்பதடி ஆழம் தோண்டிய பள்ளம் சரிந்து இரண்டு பேர் உள்ளே புதைந்தார்கள். உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின. இந்த மண்ணின் குணம் என்ன என்று இதற்கு மேலும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுமா? அந்த மரணங்களுக்கு இரண்டு ஆண்டு முடிவதற்குள் அடுத்த அனுமதியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆட்சிகள் மாறியிருக்கின்றன, இருக்கைகளில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், சதுப்பு நிலத்தைக் காலி மனையாகப் பார்க்கும் கண் மட்டும் மாறவேயில்லை.

இந்தியாவிலேயே அதிக ராம்சார் தளங்கள், 20 தளங்கள், தமிழ்நாட்டில்தான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெருமைக்காக உலகத்துக்கு அனுப்பிய வரைபடத்தை நீதிமன்றத்தில் கைகழுவுவது தமிழ்நாட்டுக்கே தலைகுனிவு. அனுமதி தந்தவர்கள் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். எஞ்சியிருக்கும் சதுப்பைக் காக்க உறுதியான, நிலையான ஏற்பாடு ஒன்றை அரசு விரைந்து செய்ய வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, நீதிமன்றம் ரத்துசெய்யட்டும் என்று காத்திருக்காமல், பெரும்பாக்கத்துக்குக் கொடுத்த அனுமதியைக் கொடுத்தவர்களே திரும்பப் பெற வேண்டும். வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் வந்து இறங்கும் இடம் இது.