அஸ்ரியேலின் அடிமைகளா?
பிலிப் புல்மனின் நாவல் முத்தொகுதியில், கடவுளின் ஆட்சிக்கு எதிரான அஸ்ரியேல் பிரபுவின் கலகத்தில் சேர்ந்தவர்கள் ஒரு கொடுங்கோலனை விட்டு இன்னொருவனிடம் போனவர்களே என்ற வாதத்தை ஏற்க முடியாது. ரோஜர் என்ற சிறுவனை அஸ்ரியேல் பலியிட்டதற்கு மன்னிப்பே இல்லை. ஆனால் தலைவனின் கறை, அவன் எதிர்க்கும் ஆட்சியை நியாயமாக்கிவிடாது. 2000இல் வந்த மூன்றாம் நூலின்படி அந்த ஆட்சியின் அஸ்திவாரமே பொய்: முதலில் தோன்றிய தேவதூதன், பின்னால் வந்தவர்களிடம் தானே படைத்தவன் என்று சொல்லிக் கடவுளானான். இறந்தவர்களை நல்லவர் கெட்டவர் பாராமல் ஒரே சிறையில் அடைத்தான்.

முதுமையில் தளர்ந்து படிகப் பெட்டிக்குள் நடுங்கும் அந்தக் கிழவர்மீதா போர் என்கிறார்கள். அப்போது அவர் பெயரில் ஆண்டது மெட்டட்ரான் என்ற தேவதூதன். கிழவரை எவரும் வெட்டவில்லை. கதையின் நாயகர்களான லைரா, வில் என்ற பிள்ளைகள் இரக்கப்பட்டு விடுவிக்க, அவர் காற்றில் கரைகிறார். கலகத்தில் சேர்ந்தவர்கள் அடிமைகளும் அல்ல: அஸ்ரியேலின் கையளவே உயரமுள்ள ஒற்றர்கள் டியாலிஸும் சல்மாக்கியாவும், அந்தப் பிள்ளைகளை அவனிடம் கொண்டுவர வேண்டியிருந்தும், அவர்களோடு இறந்தோர் உலகத்துக்கே இறங்கினார்கள்.