'என்னெல்சி' கொச்சையன்று

நெய்வேலி நகரியத்தில் பலரும் அங்குள்ள லிக்னைட் நிறுவனத்தின் பெயரை 'என்னெல்சி' என்று சேர்த்துச் சொல்வது நாக்கின் சோம்பல், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி 'என்.எல்.சி.' என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். இதை ஏற்க முடியாது.

தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. கண் + இல்லை, 'கண்ணில்லை' ஆவதுபோல, என் + எல், 'என்னெல்' ஆகிறது. இலக்கணம் படிக்காத சுரங்கத் தொழிலாளியின் நாவிலும் இந்த விதி பிசகுவதில்லை. அதையா பிழை என்பது?

சேர்த்துச் சொல்வது நமக்குப் புதிதுமில்லை. தி.மு.க.வைப் புள்ளி வைத்து எழுதினாலும் 'திமுக' என்று ஒரே சொல்லாகத்தான் படிக்கிறோம். உயிரெழுத்து இடம்கொடுத்த இடத்தில் திருச்சியின் பி.எச்.இ.எல். 'பெல்' ஆயிற்று, ஐ.எஸ்.ஆர்.ஓ. 'இஸ்ரோ' ஆயிற்று. என்.எல்.சி.யில் அதற்கு வழியில்லை. ஆகவே எழுத்துகளின் பெயர்களையே மக்கள் புணர்த்துக்கொண்டார்கள்.

சுருக்கத்தின் விரிவை மறக்கக் கூடாது என்பது பிரித்துச் சொல்லச் சொல்பவர்களின் அடுத்த வாதம். 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷனாகத் தொடங்கிய நிறுவனமே 2016-இல் 'என்.எல்.சி. இந்தியா லிமிடெட்' ஆகிவிட்டது. பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியபோது எழாத கவலை, மக்களின் உச்சரிப்பின் மீது மட்டும் ஏன்?

ஆசிரியர்களே, 'என்னெல்சி' என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தாதீர்கள். அந்தச் சொல்லைக் கொண்டே புணர்ச்சி விதியைக் கற்றுக்கொடுங்கள்.