பாடசாலை விட்ட பிறகு



சென்ற மாதம் பக்கத்து ஊர் உம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். அநுராதபுர மாவட்டத்தில் குளமும் வயலும் சூழ்ந்த சின்ன ஊர் அது. கணவர் கொழும்பில் கடையொன்றில் நிற்பவர். மூத்த மகள் தரம் 10இல் படிக்கிறாள்.

"தாத்தா, பிள்ளை என்னோடு கதைக்கிறதில்லை. கேட்டால் மட்டும் பதில். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கண்ணூறு பட்டிருக்குமோ? ஓதிப் பார்க்கவா?" என்றார்.

ஓதிப் பார்ப்பதில் குறையில்லை. ஆனால் எப்போதிருந்து இப்படி என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் அந்தப் பிள்ளை பாடசாலையிலும் கோட்டத்திலும் முதலாம் இடம் பெற்றிருக்கிறாள். வலய மட்டத்துக்குத் தயாராவதற்குப் பாடசாலை விட்ட பிறகு பயிற்சி வைத்தார்கள். உம்மா மறுத்துவிட்டார். பிள்ளை வலயத்துக்குப் போகவில்லை.

"ஏன் மறுத்தீர்கள்?"

"குமருப் பிள்ளை மேடையில் ஏறிக் கத்திப் பேசுவதா? மார்க்கத்தில் கூடாதுதானே."

சகோதரிகளே, இந்தப் பதிலை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதனால் உடனே மறுத்துப் பேசாமல், தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மெல்லக் கதைத்துப் பார்த்தேன். பாடசாலை விடுவது 1.30க்கு. 1.45 பஸ்ஸை விட்டால் அடுத்தது 5.30க்குத்தான். இறங்கிக் குளக்கட்டால் அரை மைல் நடக்க வேண்டும். மஃரிபுக்கு முன்னரே யானை தண்ணீருக்கு இறங்கிவிடும். பயிற்சி கொடுப்பவர் ஒரு சேர். அந்த நேரத்தில் டீச்சர்மார் எவரும் பாடசாலையில் நிற்பதில்லை. ஓட்டோ பிடிப்பதென்றால் கிழமைக்கு மூன்று நாள் பணம் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், அந்த உம்மா பயந்தது மேடைக்கா, குளக்கட்டுக்கா?

அவருடைய பயம் நியாயமானது. ஒரு பயிற்சிக்காக எந்தத் தாயும் பிள்ளையை யானைப் பாதையில் விடமாட்டாள். ஆனால் "பாதை சரியில்லை" என்று சொல்லியிருந்தால், பாதைக்கு ஒரு வழி தேடியிருக்கலாம். "மார்க்கத்தில் கூடாது" என்று சொன்னவுடன் கதவு மூடிவிடுகிறது. அதிபருக்கும் பேச முடியாது, பிள்ளைக்கும் பேச முடியாது. தான் விரும்பியது பாவம் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். மார்க்கத்தின் மேலேயே அவளுக்கு ஒரு மனத்தாங்கல் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததும், முதலில் ஆயிஷா (ரலி) வென்றதும், பிற்காலத்தில் நபியவர்கள் வென்று அதற்கு இது சரி என்று சொன்னதும் ஹதீஸில் வருகின்றன. காயப்பட்டவர்களுக்கு மருந்திட்ட ருபைதா (ரலி) அவர்களுடைய கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்தது. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரலி) அங்கேதான் வைக்கப்பட்டார்கள். பாடசாலையில் முதலுதவிப் படையில் சேருகிறேன் என்று மகள் சொன்னால், அந்தக் கூடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடை எப்படி, யார் கூட இருப்பார், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பது தாயின் கடமை. கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நகரப் பாடசாலைப் பிள்ளைக்குப் பாடசாலைக்கு வெளியேயும் வகுப்புகள் உண்டு, நூலகம் உண்டு, கேட்பதற்குக் கூட்டங்கள் உண்டு. கிராமத்துப் பிள்ளைக்கு மாணவர் மன்றத்தை விட்டால் வேறு மேடை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மன்றம் கூடி, நடுங்கிக்கொண்டு கிராஅத் ஓதி, மறந்துபோன பேச்சைக் கண்ணீரோடு முடித்து, கையெழுத்துச் சஞ்சிகையில் தன் பெயரைப் பார்த்துப் பூரித்த நாட்கள் உங்களில் பலருக்கும் இருக்கும். 2020, 2021இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடினார்கள். பாடத்தை எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். பல பாடசாலைகளில் மன்றங்கள்தான் திரும்பி எழும்பவில்லை. மன்ற வேளையும் பாட வேளையாகிவிட்டது. பெற்றோரும் அதைத்தான் கேட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு, கலாசாரத் துறைகளில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்கு, தேவையான தகைமை இருந்தால், பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. அங்கே எட்டுபவர்கள் சிலர்தான். அதனால் சான்றிதழுக்காக மட்டும் அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் தன் நோவை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல், கூட வந்த ஆளின் முகத்தைப் பார்க்கும் பெண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பிரதேச செயலகத்தில் கையில் கடதாசியோடு ஓரத்தில் நிற்பவர்களையும்தான். நாலு பேர் முன்னால் எழும்பி நின்று பேசுகிற பழக்கத்தைப் பதினைந்து வயதில் கொடுக்காவிட்டால் பிறகு எப்போது கொடுப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். அந்த உம்மாவைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். வேறு இரண்டு உம்மாமாரும் சேர்ந்துகொண்டார்கள். அதிபர் முதலில் சங்கடப்பட்டார். ஏதோ முறைப்பாடு என்று நினைத்திருப்பார். "பிள்ளைகளைச் சேர்க்க விருப்பம், நேரம்தான் சரியில்லை" என்று நாங்கள் சொன்னதும் கதிரை போடச் சொன்னார். கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். மன்றம் மீண்டும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்திய பாட வேளையில் கூடும். பயிற்சிகள் சனிக்கிழமை காலை 8.30 முதல் 11.30 வரை, ளுஹருக்கு முன் பிள்ளைகள் வீட்டில். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு டீச்சரும் இரண்டு உம்மாமாரும் முறை வைத்து இருப்பார்கள். வலைப்பந்துக்கு நீண்ட காற்சட்டையும் தலைமறைப்பும் என்று ஒரு உடையும் தீர்மானித்தோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஓட்டோச் செலவைப் பற்றிக் கேட்டோம். அதற்கு இன்னும் பதில் இல்லை. ஒரு வாப்பா தன் மகளை அனுப்பவே மாட்டேன் என்று நிற்கிறார். அவரிடமும் போய்க் கதைக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு இவ்வருட வலயப் போட்டி போனது போனதுதான். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. உம்மா விடுவாரோ, பிள்ளையே விரும்புவாளோ தெரியாது. இப்போதைக்குத் தங்கச்சிமாருக்குப் பேச்சுப் பழக்கிக் கொடுக்கிறாளாம். உம்மாவோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை அந்த உம்மாவின் முறை. பன் பாயும் பின்னுவதற்கு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.