விதை நெல்லுக்குத் தனி அறை

பிள்ளைகளே, வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கப் போனால், "ஒரே டிரைவா போட்டுத் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்பார். அப்பா உங்கள் முகத்தைப் பார்ப்பார். "இரண்டு வேண்டும் மாமா" என்று சொல்லுங்கள்.

நம் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் நெல் போட்டு வைக்கப் பத்தாயம் என்ற பெரிய மரப்பெட்டி இருக்கும். சாப்பாட்டு நெல்லையும் விதை நெல்லையும் ஒன்றாகக் கொட்டமாட்டார்கள். கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் ஒரு பத்தாயம்தான். அதை அறைகளாகத் தடுப்பதுதான் பார்ட்டிஷன். 'சி' அறையில் விண்டோஸ் இருக்கட்டும். 'டி' அறையில் நீங்கள் வரைந்த படம், பள்ளிக் கட்டுரை, பாட்டியின் போட்டோ. விண்டோஸ் பழுதானால், ரிப்பேர் செய்ய வரும் அண்ணனிடம் "சி மட்டும் பார்மட் செய்யுங்க, டியைத் தொடாதீங்க" என்று சொல்லலாம். ஒரே அறை என்றால் பாட்டியும் சேர்ந்து போய்விடுவார்! ஆனால், திரையின் முகப்பில் போட்டு வைப்பதெல்லாம் பெரும்பாலும் சி அறையில்தான் விழும். கவனமாக டியில் சேமிக்க வேண்டும்.

சிலர் சி, டி, இ, எப் என்று கூறு போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு அறை நிரம்பி வழியும்; பக்கத்து அறை சும்மா கிடக்கும். (ஏ, பி எங்கே என்கிறீர்களா? அவை அந்தக் கால பிளாப்பிக்குப் போய்விட்டன.)

அறைக்குள் கோப்புகளை அடுக்கும் முறைக்கு பைல் சிஸ்டம் என்று பெயர். 'பேட்32' பழைய முறை. 4 ஜிபியைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. விண்டோஸின் 'என்டிஎப்எஸ்', லினக்ஸின் 'இஎக்ஸ்டி4' இரண்டும் கெட்டிக்காரர்கள். அடுக்கை மாற்றும் முன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நடுவில் கரண்ட் போனாலும், வந்ததும் குறிப்பைப் பார்த்து அடுக்கைச் சரிசெய்துவிடுவார்கள். பேட்32க்கு அந்தப் பழக்கம் இல்லை. மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் படுத்தும் பாடு தெரியுமே!

2011ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டையும் வைத்தால், டி அறைக்கு என்டிஎப்எஸ் கேளுங்கள். லினக்ஸ் அதைப் படித்துவிடும். விண்டோஸ் தானாக இஎக்ஸ்டி4ஐப் படிக்காது.

பத்தாயத்தில் தீப்பிடித்தால் இரண்டு அறையும்தான் எரியும். ஹார்டு டிஸ்க் உடைந்தாலும் அப்படியே. அதனால் கட்டுரைக்கும் போட்டோவுக்கும் இன்னொரு பிரதி பென் டிரைவில் இருக்கட்டும். அந்த பென் டிரைவை கம்ப்யூட்டரிலேயே சொருகி வைக்காமல், அம்மாவின் அலமாரியில் வையுங்கள்.